முதுகில் தட்டிப் பார்த்தால் என்ன தெரியும்?

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் வேலை செய்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் நீர்க்கடுப்பு வந்தது. இரண்டாம் நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது பக்கம் விலாவுக்குக் கீழே முதுகில் வலி, ஒரு தடவை வாந்தி. காலையில் எங்கள் தெரு டாக்டரிடம் போனேன். படுக்க வைத்து, ஒரு கையை முதுகுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் வயிற்றை அழுத்தி, மூச்சை இழுத்து விடச் சொன்னார். "வலது கிட்னி லேசாகக் கைக்குத் தட்டுப்படுகிறது" என்றார். அப்புறம் உட்கார வைத்து, முதுகில் உள்ளங்கையை வைத்து அதன் மேல் முஷ்டியால் குத்தினார். இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் குத்தியதும் துள்ளிவிட்டேன். யூரின் டெஸ்டில் சீழ் செல் 20–25 என்று வந்தது. ஏழு நாளைக்கு மாத்திரை கொடுத்து, ஸ்கேனும் எழுதினார். மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்தேன். கல் இல்லை, வீக்கம் இல்லை, இரண்டு கிட்னியும் நார்மல். காய்ச்சலும் விட்டிருந்ததால் மாத்திரையை நிறுத்திவிட்டேன். நேற்று சாயங்காலம் மறுபடி குளிர் எடுத்தது.

என் அப்பா கிட்னி செயலிழந்து நான்கு வருஷம் டயாலிசிஸ் செய்து இறந்தவர். அந்தப் பயத்தில் என் வீட்டுக்காரர் தினமும் ராத்திரி என் முதுகில் தட்டி "வலிக்குதா" என்று பார்க்கிறார். ஸ்கேன் நார்மல் என்றால் குத்தியபோது ஏன் வலித்தது? கிட்னி கைக்குத் தட்டுப்பட்டால் பெரிதாகிவிட்டது என்று அர்த்தமா? அந்தக் குத்தினால் உள்ளே ஏதாவது ஆகியிருக்குமா? பக்கத்து வீட்டு அக்கா, இது சுளுக்கு, எண்ணெய் போட்டு வழித்துவிட்டால் போய்விடும் என்கிறார்.

– ஒரு வாசகி, திருப்பூர் (கடிதம் இங்கே சுருக்கித் தரப்பட்டிருக்கிறது)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தவுடன் இரண்டே வரியில் பதில் அனுப்பினேன்: இன்றைக்கே அதே டாக்டரிடம் போங்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று. போய்விட்டு வந்ததாகவும், சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கொடுத்துவிட்டு வேறு மருந்து தொடங்கியிருப்பதாகவும் அன்று இரவே எழுதினீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இப்போது உங்கள் கேள்விகளுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தெரு டாக்டர் உங்களைச் சரியாகப் பரிசோதித்திருக்கிறார். படுக்க வைத்து இரண்டு கையாலும் பார்த்தது, உட்கார வைத்துத் தட்டியது, வலி இல்லாத பக்கத்தை முதலில் தட்டிவிட்டு வலிக்கும் பக்கத்துக்கு வந்தது, சிறுநீரைச் சோதித்தது, எல்லாமே முறைப்படி நடந்திருக்கின்றன. இடுப்பு வலி என்று சொன்னவுடன் பேனாவை எடுத்து ஸ்கேன் எழுதும் இந்தக் காலத்தில் இப்படி ஒரு டாக்டர் பக்கத்திலேயே இருப்பது பெரிய விஷயம்.

சரி, அவர் தட்டிய இடம் எது? நம்மில் பலர் "கிட்னி வலிக்கிறது" என்று சொல்லிக் கைவைக்கும் இடம் புடவைக் கொசுவம் செருகும் மட்டத்தில் பின்பக்கம். அங்கே சிறுநீரகம் இல்லை. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நின்றால் கட்டைவிரல்கள் முதுகில் ஓர் இடத்தில் படும். அதற்கு நான்கு விரற்கடை மேலே போனால் கடைசி விலா எலும்பு தட்டும். அந்தக் கடைசி விலாவும் முதுகுத்தண்டும் சேரும் மூலையில், தண்டை ஒட்டி ஓடும் பருத்த தசைக்கு வெளியோரமாக ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. சிறுநீரகத்துக்கும் தோலுக்கும் நடுவில் தடுப்பு குறைவாக இருப்பது அந்த இடத்தில்தான். சிறுநீரகத்தின் மேல்பாதி விலா எலும்புகளுக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருக்கிறது. கீழ்ப்பாதியைத் தேடிப்போகும் வாசல் என்று அந்த மூலையைச் சொல்லலாம்.

அங்கே ஒரு உள்ளங்கையைப் படிய வைத்து, அதன் மேல் இன்னொரு கையின் முஷ்டியால் தட்டும்போது அதிர்வு உள்ளே போகிறது. நன்றாக இருக்கும் சிறுநீரகத்துக்கு அது ஒன்றுமே இல்லை; ஏதோ தட்டுகிறார்கள் என்று மட்டும் தெரியும். சிறுநீரகத்தின் சதைக்கு வலி உணரும் தன்மை மிகக் குறைவு. ஆனால் அதைச் சுற்றி இறுக்கமாக ஓர் உறை இருக்கிறது. தலையணைக்கு உறை போட்டதுபோல. உள்ளே தொற்று வந்து வீங்கினாலோ, சிறுநீர் இறங்க முடியாமல் தேங்கினாலோ அந்த உறை திடீரென்று இழுபடும். இழுபட்ட உறைக்கு ஒரு சின்ன அதிர்வே போதும், ஆள் துள்ளிவிடுவார். நீங்கள் துள்ளியது அதனால்தான்.

இந்தத் தட்டலுக்கு ஆங்கிலம் பேசும் நாடுகளில் சிகாகோவில் இருந்த அறுவை மருத்துவர் ஜான் மர்ஃபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். இத்தாலியில் அதையே ஜோர்டானோவின் பெயரால் சொல்கிறார்கள். ரஷ்யாவில் பாஸ்டெர்நாட்ஸ்கி. ரஷ்ய முறையில் ஒரு படி அதிகம்: தட்டிவிட்டு, பிறகு வரும் சிறுநீரில் சிவப்பணு கூடுகிறதா என்றும் பார்ப்பார்கள். மூன்று பெயர்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறை மருத்துவர்களுடையவை. ஸ்கேன் கருவியே இல்லாத காலத்தில் நோயாளியின் முதுகையும் முகத்தையும் பார்த்தே அவர்கள் நோயைப் பிரித்தார்கள். முகத்தை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தட்டும்போது நான் கையைப் பார்ப்பதில்லை; நோயாளியின் கண்ணைப் பார்ப்பேன். "வலிக்குது" என்று வாய் சொல்வதற்குள் கண் சுருங்கிவிடும்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. ஸ்கேன் நார்மல் என்றால் குத்தியபோது ஏன் வலித்தது?

ஸ்கேனிடம் நாம் கேட்ட கேள்வி வேறு, கையிடம் கேட்ட கேள்வி வேறு. வயிற்று ஸ்கேன் உருவத்தைக் காட்டும். கல் உண்டா, சிறுநீர் தேங்கி சிறுநீரகம் ஊதியிருக்கிறதா, சீழ்க் கட்டி இருக்கிறதா என்று சொல்லும். சிறுநீரகத்தில் கிருமித் தொற்று வந்தவர்களில் நிறையப் பேருக்கு அந்த ஸ்கேனில் எதுவுமே தெரியாது. தொண்டையில் புண் வந்து எச்சில் விழுங்க முடியாதவருக்கு எக்ஸ்ரே எடுத்தால் நார்மல் என்றுதான் வரும். வலி பொய்யாகிவிடுமா? உங்களுக்கு நீர்க்கடுப்பு முதலில் வந்திருக்கிறது, அப்புறம் நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, ஒரு பக்கம் மட்டும் தட்டினால் வலி, சிறுநீரில் 20–25 சீழ் செல். சாதாரணமாக ஐந்துக்குள் இருக்க வேண்டியது அது. மூத்திரப்பையில் தொடங்கிய தொற்று மேலே ஏறி வலது சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்று இவை எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. ஸ்கேன் அதை மறுக்கவே இல்லை. அது சொன்ன நல்ல செய்தி வேறு: அடைப்பு இல்லை, சீழ் கட்டவில்லை, ஆகவே மாத்திரையிலேயே குணமாகும். நீங்கள் அதை "நோய் இல்லை" என்று படித்துவிட்டீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை, சகோதரி. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து "எல்லாம் நார்மல்" என்று அனுப்பிவைத்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். அப்போது கிருமிகளின் எண்ணிக்கை குறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. மருந்தைப் பொறுத்து 5 நாள் முதல் 14 நாள் வரை எழுதுவது அதற்காகத்தான். பாதியில் நிறுத்தினால் மிஞ்சியவை திரும்பவும் பெருகும். உங்களுக்கு மறுபடி குளிர் எடுத்தது அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்த மாத்திரைகளை நீங்களாகவே திரும்ப ஆரம்பிக்காமல் டாக்டரிடம் போனது ரொம்ப நல்லதாயிற்று. மாத்திரை போட்டுவிட்டுக் கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்தால் கிருமி வளராமல் ஏமாற்றிவிடும். இனி எப்போது கொடுத்தாலும் மருந்துக்கு முன்னால் கொடுங்கள். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்து, அரை மணி ஒரு மணிக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். காலையில் பிடித்து வைத்துவிட்டு ஷிப்ட் முடிந்து மாலையில் கொண்டுபோகிற பாட்டில் உதவாது.

கிட்னி கைக்குத் தட்டுப்பட்டது என்று அவர் சொன்னதுதான் உங்களை இத்தனை நாளாகத் தூங்கவிடவில்லை என்று தெரிகிறது. அதை விளக்கிவிடுகிறேன்.

சிறுநீரகம் ஓரிடத்தில் ஆணி அடித்து வைத்ததல்ல. ஒவ்வொரு தடவை மூச்சை ஆழமாக இழுக்கும்போதும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசைத் திரை அதைக் கீழே தள்ளுகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கி ஏறும். டாக்டர் என்ன செய்தார்? இடது கையை முதுகுக்கு அடியில், விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் கொடுத்து மேல்நோக்கித் தூக்கினார். வலது கையை முன்பக்கம் விலா ஓரத்துக்குக் கீழே வைத்தார். நீங்கள் மூச்சை இழுத்தபோது இரண்டு கைக்கும் நடுவில் வழுவழுப்பாக, உருண்டையாக ஒன்று வந்து தொட்டுவிட்டு, மூச்சை விட்டபோது நழுவி மேலே போயிருக்கும். அதுதான் சிறுநீரகத்தின் கீழ்முனை. பின்னால் இருக்கும் கைவிரல்களால் ஒரு சுண்டு சுண்டி, முன்னால் இருக்கும் கையில் அது வந்து மோதுகிறதா என்று பார்க்கும் முறையும் உண்டு. பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில் இருந்த குயோன் சொல்லிக்கொடுத்தது. நான் மாணவனாக இருந்தபோது அந்த மோதலை முதன்முதலாக உணர்ந்தது ஒரு முதியவரிடம். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோய் அவருக்கு. இரண்டு பக்கமும் திராட்சைக் குலைபோல முண்டும் முடிச்சுமாகக் கை நிறைய வந்தது. அப்படி இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

உங்களுக்கு அப்படி இல்லை. வலது பக்கம் கல்லீரல் மேலே உட்கார்ந்திருப்பதால் வலது சிறுநீரகம் இடதைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கும். ஒல்லியான பெண்களுக்கு அதன் கீழ்முனை கைக்குத் தட்டுப்படுவது சகஜம். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீங்கள் அனுப்பியிருந்தீர்கள், வலது 10.2 சென்டிமீட்டர், இடது 10.4. பெரியவர்களுக்கு 10 முதல் 12 வரை இருப்பது வழக்கம். பெரிதாகவில்லை, அம்மா. டாக்டர் தனக்குத் தெரிந்ததைச் சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான். "இது சாதாரணம்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை ராத்திரி விழித்திருக்க வேண்டியிருக்காது. என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தட்டியதால் உள்ளே ஏதும் ஆகியிருக்காது. நடுவில் ஒரு கை இருக்கிறது, தட்டும் வேகமும் கதவைத் தட்டுவதைவிட மெதுவாகத்தான் இருக்க வேண்டும். நான் முதலில் கட்டைவிரலால் அந்த மூலையை அழுத்திப் பார்ப்பேன். அதிலேயே வலித்துவிட்டால் தட்டுவதே இல்லை. தெரிய வேண்டியது தெரிந்துவிட்டதல்லவா? வயிற்றில் பெரிய ரத்தக்குழாய் புடைத்திருப்பதாகச் சந்தேகம் இருந்தாலும், அடிபட்டு வந்தவராக இருந்தாலும் தட்டக் கூடாது. உங்கள் வீட்டுக்காரரிடம் அன்போடு சொல்லுங்கள்: ராத்திரி தட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். தினமும் குத்து வாங்கிய இடம் குத்து வாங்கியதாலேயே வலிக்கும், அப்புறம் எது நோயின் வலி, எது அவருடைய கையின் வலி என்று டாக்டரே பிரிக்க முடியாது. அவருடைய கவலைக்கு வேறு வேலை தருகிறேன். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி காலையிலும் மாலையிலும் காய்ச்சலைக் குறித்து வைக்கட்டும். அந்தத் தாள் அடுத்த தடவை டாக்டருக்கு உதவும்.

சுளுக்கு என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மெஷினில் குனிந்து உட்காருகிற உடம்பு உங்களுடையது. விலா வலி என்று வருகிறவர்களில் ஏராளமானவர்களுக்குத் தசைப் பிடிப்புதான். ஆனால் சுளுக்குக்குக் குளிர் நடுக்கம் வராது, சீழ் செல்லும் வராது. இரண்டையும் பிரிக்க மருத்துவரின் கையில் சில வழிகள் இருக்கின்றன. தசை வலிக்காரர் "இங்கே" என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டுவார். குனிந்தால், திரும்பினால், பாத்திரத்தைத் தூக்கினால் கூடும், ஒருக்களித்துப் படுத்தால் குறையும். சிறுநீரகத் தொற்றின் வலி எப்படிப் படுத்தாலும் அப்படியே கனத்துக் கிடக்கும். கல் இறங்கும்போது வரும் வலி இந்த இரண்டிலும் சேராது. அந்த நோயாளி உள்ளே நுழையும்போதே தெரிந்துவிடும். நாற்காலியில் உட்காரமாட்டார், படுக்கையில் படுக்கமாட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நெளிவார். கையை விலாவில் பின்பக்கமாக வைத்து, அப்படியே முன்னால் அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் இழுத்துக் காட்டுவார். வயிற்றுக்குள் குடல் ஓட்டையாகிச் சீழ் பரவியவர் இதற்கு நேர் எதிர். அசைந்தால் உயிர் போகும் என்பதால் மரக்கட்டைபோல் கிடப்பார்.

வயிற்றுச் சுவரின் தசை வலிக்கு ஒரு சோதனை உண்டு. வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தியபடியே நோயாளியைத் தலையை மட்டும் தூக்கச் சொல்ல வேண்டும். வயிற்றுத் தசை இறுகிப் பலகையாகும். வலி உள்ளுறுப்பிலிருந்து வந்தால் அந்தப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குறையும். தசையிலேயே இருந்தால் கூடும். கார்னெட் என்பவர் 1926-இல் எழுதிய எளிமையான சோதனை இது. பத்து விநாடி ஆகும், பைசா செலவில்லை. காலை நீட்டியபடி உயர்த்திப் பார்த்தால் நரம்பு இழுபடுகிறதா என்று தெரிந்துவிடும். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் கீழே வைத்துக் கேட்டால் நுரையீரலின் அடிப்பகுதி நிமோனியாவா என்றும் தெரியும். அதுவும் விலாவில்தான் வலிக்கும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது: முதுகைப் பார்ப்பது. துணியை விலக்கி, வெளிச்சத்தில் பார்ப்பது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயிற்சி மருத்துவனாக இருந்தபோது நான் இதில் தவறியிருக்கிறேன். கூட்டம் நிறைந்த ஒரு வெளிநோயாளிப் பிரிவு. அறுபது வயதைத் தாண்டிய ஒரு விவசாயி, இடது விலாவில் எரிச்சலாக வலி, மூன்று நாளாக. சட்டையைக் கழற்றச் சொல்லாமல் சட்டையின் மேலேயே தட்டினேன். ஐயோ என்றார். கல்லாக இருக்கும் என்று வலி ஊசி போட்டு, ஸ்கேன் எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வந்தார். சட்டையைத் தூக்கினால் முதுகுத்தண்டிலிருந்து தொப்புள் வரை ஒரு பட்டையாக அக்கிக் கொப்புளம். முதல் நாளே நாலைந்து கொப்புளமாவது இருந்திருக்கும். அதற்கான மாத்திரையைக் கொப்புளம் எழும்பிய முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த நேரத்தை என் அவசரம் தின்றுவிட்டது. கொப்புளம் ஆறியும் பல மாதம் அந்தப் பட்டையில் எரிச்சல் போகவில்லை என்று அவர் மகன் வந்து சொன்னார். அன்றிலிருந்து சட்டையைத் தூக்காமல் நான் யார் முதுகையும் தொட்டதில்லை.

பெண்களுக்கு இதில் கூச்சம் இருக்கும், அது நியாயமானது. சுடிதாரின் மேலேயே தட்டிவிட்டுப் போங்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நீங்கள் தயங்காமல் கேட்கலாம்: நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும், அல்லது கூட வந்தவர் உள்ளே இருக்கட்டும் என்று. திரை போடச் சொல்லலாம். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவருக்கு இந்தத் தொற்று வந்தால் கையாளும் விதமே வேறு. கருக்குழாயில் கரு தங்கி வெடித்தாலும் ஒரு பக்க வலியாகத்தான் தொடங்கும்.

கூச்சம் என்றவுடன் ஒரு பையன் ஞாபகம் வருகிறது. பதினேழு வயது. "சைடு வயிறு வலிக்குது, டாக்டர்" என்று அம்மாவோடு வந்தான். வயிற்றில் எங்கே அழுத்தியும் ஒன்றுமில்லை, முதுகில் தட்டியும் ஒன்றுமில்லை. அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டபோதுதான் விதையில் வலி என்று சொன்னான். விதை முறுக்கிக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை விடுவித்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அவனுக்குக் காப்பாற்றிவிட்டோம். ஆண் பிள்ளைகளுக்கு அடிவயிறு, விலா வலி என்றால் அங்கேயும் பார்த்தாக வேண்டும் என்று வீட்டில் மகன்கள் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வயதான ஆண்களுக்கு வேறு கவலை. அறுபதுக்கு மேல் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கல் வலிபோல வந்து, கூடவே தலைசுற்றலும் வியர்வையும் இருந்தால், வயிற்றில் தொப்புளுக்கு மேலே துடிக்கும் புடைப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. பெரிய ரத்தக்குழாய் கசிகிறதோ என்ற சந்தேகம் அது. ஒரு நிமிடமும் வீணாக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவருக்குச் சர்க்கரையும் பிபியும் இருந்ததாகச் சொல்கிறீர்கள். அந்த இரண்டும் சிறுநீரகத்தை வலியே இல்லாமல் அரித்துவிடும். உறை திடீரென்று இழுபடாது. முதுகில் எவ்வளவு தட்டினாலும் வலிக்காது. உங்களுக்கு வந்தது வலி காட்டிக்கொடுத்த நோய். அவருக்கு வந்தது வாய் திறக்காத நோய். இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பயத்துக்குச் சரியான பதில் வருஷத்துக்கு ஒரு தடவை சர்க்கரை, பிபி, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), சிறுநீரில் புரதம் பார்த்துக்கொள்வது. அப்பாவுக்கு இருந்ததால் நீங்கள் இதைத் தவறவிடாதீர்கள்.

வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டதாக எழுதியிருந்தீர்கள். காய்ச்சல், வாந்தி, தண்ணீர் குறைவு என்று உடம்பு வற்றியிருக்கும்போது அந்த வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். இப்போதைக்குப் பாராசிட்டமால் போதும். வாழைத்தண்டு சாறு குடிக்கலாமா என்றால், பிடித்தால் பொரியலாகச் சாப்பிடுங்கள். கிருமியை அது ஒன்றும் செய்யாது.

கம்பெனியில் பாத்ரூமுக்கு எழுந்து போனால் சூப்பர்வைசர் முகம் சுளிப்பார் என்பதால் மதியம் வரை தண்ணீரே குடிப்பதில்லை என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் எனக்கு மனசு கனத்துப்போன இடம் அதுதான். சிறுநீர் தேங்கினால் கிருமிக்கு நேரம் கிடைக்கிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது போயாக வேண்டும்; ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் வியர்வைக்கும் சேர்த்து இன்னும் கூட. உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டில் இதை எழுதி வாங்கி மேனேஜரிடம் கொடுங்கள். அச்சிட்ட காகிதத்தில் முத்திரையோடு இருந்தால் பேச்சு குறையும். உங்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பெண்களுக்கும் அது உதவும்.

இப்போது தொடங்கிய மருந்தில் இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்காவிட்டால், மாத்திரையையே வாந்தி எடுத்துவிட்டால், சிறுநீர் குறைந்தால், மயக்கமாக வந்தால் விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனையில் சேர்ந்துவிடுங்கள். ஊசி வழியாக மருந்து தேவைப்படும், ஸ்கேனையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். முதல் ஸ்கேனில் இல்லாத சீழ் பிறகு கட்டியிருக்கலாம்.

கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டு மூன்று நாளில் வரும். அதை எடுத்துக்கொண்டு போகும்போது டாக்டர் மறுபடி உங்களை உட்கார வைத்து, அதே மூலையில் கையை வைப்பார். முன்பு பட்ட அடியை நினைத்து உடம்பை இறுக்கிக்கொள்ளாதீர்கள். தோளைத் தளர்த்தி, மூச்சை விட்டபடி இருங்கள். அவர் தட்டியதும், போன தடவைக்கு இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று உள்ளபடி சொல்லுங்கள்.